பரணில் இருக்கும் கணினியும் அம்மாவின் குரலும்



மும்பை தாராவியில் வசிக்கும் ஒரு சகோதரர் எழுதிய கடிதம் இம்மாதம் இந்தப் பக்கத்தை முழுவதுமாய் எடுத்துக்கொள்ளுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்து அங்கேயே நிலைத்துவிட்ட குடும்பம் அது. 2007-ஆம் ஆண்டில் அவருடைய தங்கையின் திருமணம் ஊரில் நடந்தபோது, இரவலாக வாங்கிய ஒரு கைக்கேமராவில் அவரே படம் பிடித்தார். மும்பைக்குத் திரும்பிய பின்பு, அப்போது வீட்டிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், அதனோடு இலவசமாய் வந்த மூவி மேக்கர் என்னும் மென்பொருளைக்கொண்டு அந்த வீடியோவைத் தொகுத்தார். மணமக்களை வாழ்த்தி அவருடைய தாயார் பேசிய இடம் வந்தபோது, பந்தலின் இரைச்சல் அதிகமாயிருக்கிறது என்று எண்ணி, பேச்சின் ஒலியை அணைத்துவிட்டு அதன்மேல் ஒரு பாடலை வைத்தார். பின்பு கடையில் கொடுத்து டிவிடியாக்கி, உறவினர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்.

தாயார் 2019-இல் காலமானார். "டிவிடியில் அம்மாவின் வாய் அசைவது தெரிகிறது, குரல் இல்லை. வேறு எந்தப் பதிவிலும் அம்மா இத்தனை நேரம் பேசியதில்லை. அந்தப் பாடலை அங்கே வைத்தவன் நானே" என்று அவர் எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்வி இதுதான். பழைய கணினி பரணில் கிடக்கிறது. இப்போது விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பழைய மூவி மேக்கர் இதில் வேலை செய்யுமா? செய்தால், அன்று சேமித்த கோப்பைத் திறந்து, பாடலை எடுத்துவிட்டு, பேச்சைத் திரும்ப வைத்துவிடலாமே என்பது அவருடைய எண்ணம்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்றவேண்டுமானால் கணினியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017-க்குப் பின்பு வந்த பிராசசரும் இருக்கவேண்டும். ஆகையால் பழைய கணினியை விட்டுப் புதியதற்குப் போகிறவர்கள் அநேகர். சபைகளில் கூட்டங்களைப் பதிவு செய்து தொகுக்கும் வாலிபர்களும், சிறிதாய்த் திருமண வீடியோ தொழில் செய்கிறவர்களும் இதே கேள்வியைப் பல விதமாய்க் கேட்கிறார்கள். "பழைய பிரீமியர் ஓடுமா?" "பழைய எடியஸ் ஓடுமா?" "பின்னக்கிள் டிஸ்க் வைத்திருக்கிறேன், போடலாமா?"

ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்பது பதில் ஆகாது. எந்த இடத்தில் தடைபடும் என்று அறிந்தால், உங்கள் மென்பொருளுக்கு நீங்களே பதில் கண்டுகொள்ளலாம்.

முதலாவது, மென்பொருள் எந்தக் காலத்துக் கட்டமைப்பில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். 1990-களின் முற்பகுதியில் வந்தவை 16 பிட் மென்பொருள்கள். அதற்குப்பின் நெடுங்காலம் 32 பிட் வழங்கியது. இப்போது இருப்பது 64 பிட். விண்டோஸின் 64 பிட் பதிப்பு எதுவும் 16 பிட் மென்பொருளை ஓட்டாது; விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மாத்திரமே வருகிறது. ஆனால் 32 பிட் மென்பொருளை அது ஏற்றுக்கொள்ளும். எனவே எக்ஸ்பி காலத்து மென்பொருள்களில் பல, அமைப்பைப் பொறுத்தமட்டில், இன்றும் திறக்க வாய்ப்புண்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மென்பொருள் 32 பிட்டாக இருந்தும், அதை நிறுவுகிற சிறிய நிரல் மட்டும் 16 பிட்டாக இருந்துவிடும். வீடு நன்றாயிருந்தும் வாசல் திறக்காத கதை. டிஸ்க்கைப் போட்டவுடன் "இது உங்கள் கணினியில் இயங்காது" என்று செய்தி வருவதைக் கண்டு, மென்பொருளே பழுது என்று நினைத்துவிடுகிறோம்.

ஆப்பிள் கணினியில் இக்காரியம் இன்னும் கடுமையானது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்னும் பதிப்போடு 32 பிட் மென்பொருள்கள் அனைத்திற்கும் கதவு அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய மொஹாவி பதிப்பில் நேற்றுவரை ஓடிய மென்பொருள், மேம்படுத்திய மறுநாள் காலையில் ஓடவில்லை. ஃபைனல் கட் புரோ 7 என்னும் புகழ்பெற்ற தொகுப்பு மென்பொருளுக்கு அதற்கும் முன்னமே, 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பில், முடிவு வந்துவிட்டது. 2011 ஜூனில் அதற்குப் பதிலாய் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், பெயரில் வாரிசே தவிர, பழைய திட்டக் கோப்புகளைத் திறக்க அறியாதது. பழைய 7-ஆம் பதிப்பிலேயே கோப்பைத் திறந்து, எக்ஸ்.எம்.எல். என்னும் பொது வடிவில் வெளியே எடுத்து, வேறொரு நிறுவனத்தின் மாற்று மென்பொருள் வழியாய்க் கொண்டுபோகவேண்டும். அதாவது, பழையதை விட்டு வெளியேறுவதற்கும் பழையது ஓடவேண்டும்!

சினிமாவைக் குறித்து எழுதுவது இப்பக்கத்தின் வழக்கமல்ல. ஆயினும் ஒரு தகவலுக்காகச் சொல்லுகிறேன். 2020-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற பாரசைட் என்னும் கொரியப் படம், 2011-லேயே விற்பனை நின்றுபோன இந்த ஃபைனல் கட் புரோ 7-இல் தொகுக்கப்பட்டதுதான். கைக்குப் பழகிய கருவியை விட மனமில்லாத தொகுப்பாளர், அதற்கேற்ற பழைய இயங்குதளத்தையும் விடாமல் வைத்துக்கொண்டார். இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதிருங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

இரண்டாவது தடை, கணினியின் உள்ளே செருகிய அட்டைகள். அக்காலத்தில் கேமராவிலிருந்து வீடியோவை ஏற்றுவதற்கென்று கேப்சர் கார்டு வாங்கிப் பொருத்தினோம். சில மென்பொருள்கள் அந்த அட்டை அல்லது யு.எஸ்.பி. பூட்டு இல்லாமல் திறக்கவே மாட்டா. அட்டைக்கும் இயங்குதளத்திற்கும் நடுவே நின்று பேசுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். விஸ்டாவின் 64 பிட் பதிப்பு தொடங்கி, முறையான கையொப்பமில்லாத டிரைவர்களை விண்டோஸ் ஏற்பதில்லை. எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட டிரைவரை எழுதிய நிறுவனம் புதிதாய் எழுதித் தராவிட்டால், அந்த அட்டை வெறும் தகடுதான். மென்பொருள் திறந்தாலும், "கருவி காணப்படவில்லை" என்று நின்றுவிடும்.

மூன்றாவது, அனுமதிச் சாவி. டிஸ்க் கையில் இருக்கிறது, எண்ணும் எழுதி வைத்திருக்கிறேன் என்பீர்கள். ஆனால் 2000-களின் நடுவிலிருந்து பல மென்பொருள்கள், நிறுவியவுடன் தங்கள் நிறுவனத்தின் கணினியைத் தொடர்புகொண்டு அனுமதி கேட்கும்படி அமைக்கப்பட்டன. அந்தக் கணினியை நிறுத்திவிட்டால்? அடோபி நிறுவனம் தன்னுடைய சிஎஸ்2 வரிசைக்கு அப்படியே நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் தவிக்காதபடிக்கு, அனுமதி கேட்காத ஒரு பதிப்பை 2013-இன் தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. சில நிறுவனங்கள் கைமாறிப் போய்விட்டன. பின்னக்கிள் 2005-இல் ஆவிட் நிறுவனத்திற்குப் போய், 2012-இல் கோரல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. யுலீட் என்ற பெயரில் நாம் அறிந்திருந்த வீடியோ ஸ்டுடியோவும் இன்று கோரலுடையதே. பழைய பெயரைத் தேடி அலைகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இன்னொன்று: பழைய கணினி இன்னும் ஓடுமானால், அதைக் கழற்றுவதற்கு முன்பு மென்பொருளின் உதவிப் பட்டியலில் அனுமதியை விடுவிக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். விடுவிக்காமல் கணினியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டால், உங்கள் அனுமதியும் அவனோடே போய்விடும்.

விலை கொடாமல் சந்தையில் வாங்கிய நகல் மென்பொருளைப் பற்றியும் சிலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள். அதன் நியாய அநியாயத்தை நீங்களே அறிவீர்கள். தொழில்நுட்பமாய்ப் பார்த்தாலும், பூட்டை உடைத்த பிரதி புதிய இயங்குதளத்தில் முதலாவது விழும். விழாவிட்டால், அதனோடே என்ன உள்ளே வந்தது என்று பயப்படவேண்டும்.

நான்காவது தடை வீடியோவின் சுருக்க முறை. மென்பொருள் திறக்கும், கோப்பும் தெரியும், படம் மட்டும் கறுப்பாய் இருக்கும். வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் கோடெக் என்னும் பகுதி புதிய கணினியில் இல்லாததே காரணம். பழைய மென்பொருள்கள் பல, எம்.ஓ.வி. கோப்புகளுக்காகக் குயிக்டைம் என்னும் ஆப்பிளின் மென்பொருளைச் சார்ந்திருந்தன. விண்டோஸுக்கான குயிக்டைமை 2016-இல் ஆப்பிள் கைவிட்டது. அதிலுள்ள ஓட்டைகளினிமித்தம் அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அறிவித்தது. டிவிடியைப் போட்டால் படம் ஓடும் வசதியும் விண்டோஸ் 8 தொடங்கி இயல்பாய் வருவதில்லை. இது பெரிய தடையல்ல. விஎல்சி என்னும் இலவச மென்பொருள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிடும்.

இனி, தமிழருக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. அது எழுத்துரு. அக்காலத்தில் வீடியோவில் தமிழ்த் தலைப்பு போடப் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் ஒளிந்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் பழைய தொகுப்பைத் திறந்தால், 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாய் நிற்கும். பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட வேண்டாம். எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்து நிறுவினால் சரியாய்விடும். பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டி, இக்காலத்து யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதற்கு எதிரான கஷ்டம் வரும். 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னே வராமல் ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும். எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வசதி அந்த மென்பொருளில் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் தலைப்பை வேறு மென்பொருளில் எழுதி, பின்புலம் இல்லாத படமாகச் சேமித்து, அந்தப் படத்தை வீடியோவின்மேல் வையுங்கள். புதிய பிரீமியரிலும் தமிழ் உடைந்து தெரிந்தால், அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தெரிந்தெடுக்கவேண்டும். இதை அறியாமல் எத்தனை திருமண வீடியோக்களில் மணமகனின் பெயர் கோணலாய் நிற்கிறது!

இப்போது தாராவிச் சகோதரரின் காரியத்திற்கு வருவோம்.

மூவி மேக்கர் முதன்முதல் 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லேனியம் பதிப்போடு வந்தது. எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் இயங்குதளத்தின் ஒரு பாகமாகவே இருந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அது இல்லை. அதே பெயரில் வேறாக எழுதப்பட்ட ஒன்றைத் தனியே இறக்கிக்கொள்ளவேண்டியிருந்தது. அதையும் 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-இல் இருக்கும் கிளிப்சாம்ப் முற்றிலும் வேறு மென்பொருள். பழைய மூவி மேக்கர் திட்டக் கோப்பை அது திறக்காது. எக்ஸ்பியின் மூவி மேக்கருக்குத் தனியே டிஸ்க்கும் கிடையாது, எடுத்துக்கொண்டு போய் நிறுவுவதற்கு. ஆகவே அவர் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: வேலை செய்யாது.

ஆனால் அவருக்கு வேண்டியது மூவி மேக்கர் அல்லவே! வேண்டியது குரல். அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

திட்டக் கோப்பு என்பது என்ன? ஆராதனைக்கு முன்பு பாடல் நடத்துகிறவர் ஒரு துண்டுத் தாளில் பாட்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தாளில் பாட்டு இல்லை, எண்கள்தான் உண்டு. பாட்டு புத்தகத்தில் இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை; புத்தகத்தின் வேறு பதிப்பைக் கொண்டுவந்தாலோ, எண் ஒன்று, பாட்டு ஒன்றாய்விடும். திட்டக் கோப்பும் அப்படியே. "டி என்னும் பகுதியில், இந்த உறையிலுள்ள இந்த வீடியோவில், இத்தனாவது நிமிடத்திலிருந்து இத்தனாவது நிமிடம் வரை, இங்கே ஒலியை அணை, இங்கே பாட்டை வை" என்னும் குறிப்புகள் மட்டுமே அதில் உண்டு. அதனால்தான் அது சில கிலோபைட் அளவில் இருக்கிறது. அதை மட்டும் பென் டிரைவில் பத்திரப்படுத்தி, கணினியை விற்றுவிட்டவர்கள் உண்டு. அவர்களிடம் இருப்பது துண்டுத் தாள் மாத்திரமே.

இதற்கு மறுபுறம் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒலியை அணைத்தது துண்டுத் தாளில்தான். கேமராவிலிருந்து ஏற்றிய மூலக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை. தாயாரின் பேச்சு அதில் அப்படியே இருக்கவேண்டும். எக்ஸ்பியின் மூவி மேக்கர், கேமராவிலிருந்து ஏற்றும்போது இரண்டு விதமாய்ச் சேமிக்கும்: சுருக்கிய டபிள்யு.எம்.வி. கோப்பு ஒன்று, நாடாவில் உள்ளபடியே எடுத்த டி.வி. ஏ.வி.ஐ. கோப்பு மற்றொன்று. பின்னது ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். அவர் எதைத் தெரிந்தெடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. எதுவானாலும், இரண்டையும் விஎல்சி திறக்கும். ஷாட்கட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் வெட்டிக்கொடுக்கும். பழைய மென்பொருளுக்கு வேலையே இல்லை.

எனவே அவருக்கு எழுதிய பதில் சுருக்கமானது. பரணிலிருந்து இறக்குங்கள், ஆனால் ஆவலில் உடனே மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த ஹார்டு டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுழற்சியை எக்ஸ்பி திறப்பதில் செலவழிக்காமல், நகல் எடுப்பதில் செலவழியுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, பழைய அகலமான ஐடிஇ இணைப்பை யு.எஸ்.பி.யாக்கும் ஒரு அடாப்டர் வழியாய்ப் புதிய மடிக்கணினியில் செருகலாம். லாமிங்டன் சாலைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். டெல்லியில் இருக்கிறவர்கள் நேரு பிளேஸிலும், பெங்களூரில் இருக்கிறவர்கள் எஸ்.பி. சாலையிலும் விசாரிக்கலாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று தட்டுகிற ஓசை வந்தால், அந்த நிமிடமே நிறுத்தி, தகவல் மீட்பவரிடம் கொண்டுபோகவேண்டும். மறுபடி மறுபடி முயன்றால் மீட்கக்கூடியதும் போய்விடும். நகல் எடுக்கும் பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. டி.வி. வடிவில் அது பதினெட்டு நிமிட வீடியோ மாத்திரம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை மூலக் கோப்பை அன்றே அழித்திருந்தால்? அப்போது கேமரா நாடாவைத் தேடவேண்டும். மினி டிவி நாடாவை ஏற்ற ஃபயர்வயர் இணைப்பு தேவை. இக்காலத்து மடிக்கணினிகளில் அது இல்லை. விண்டோஸ் 8 முதல், இதற்கான பழைய டிரைவர் தனியே நிறுவவேண்டியதாயிற்று; ஆப்பிளோ 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயருக்கான ஆதரவையே நீக்கிவிட்டது. ஆனால் ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினி ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், துரிதப்படுத்த வழியில்லை.

இங்கேதான் அந்தக் கொரியத் தொகுப்பாளரின் வழி நமக்கு உதவுகிறது. பழைய மென்பொருளிலேயே இன்னும் வேலை பாக்கியிருக்கிறவர்கள், பழைய கணினியை மேம்படுத்தாமல் அப்படியே விட்டுவிடலாம். புதியதைத் தனியே வாங்குங்கள். ஆனால் பழையதை இணையத்தோடு சேர்க்கவேண்டாம். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீய நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, 2014 ஏப்ரலிலேயே ஆதரவை முடித்துவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாய் ஒட்டுப் போடவேண்டியதாயிற்று. இணையமில்லாத பழைய கணினி ஒரு நல்ல வேலைக்காரன். இணையத்தோடு இணைந்தால் திறந்து கிடக்கும் வீடு. தாய்ப்பலகையிலுள்ள வட்டமான சிறு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கணினி தேதியைப் பல ஆண்டுகள் பின்னே காட்டும். சில மென்பொருள்களின் அனுமதி அதினாலேயே குழம்பும்.

புதிய கணினிக்குள்ளேயே வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளால் ஒரு கற்பனைக் கணினியை அமைத்து, அதில் எக்ஸ்பியை ஏற்றுகிறவர்களும் உண்டு. பழைய திட்டக் கோப்பைத் திறந்து பார்க்க அது போதும். பழைய கேப்சர் கார்டும் ஃபயர்வயரும் அதற்குள் எட்டா, வேகமும் குறைவு. விண்டோஸிலேயே, மென்பொருளின் படத்தின்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, பண்புகளில் ஒத்திசைவு என்னும் பகுதிக்குப் போய், "எக்ஸ்பியைப்போல் நடத்து" என்று தெரிந்தெடுக்கும் வசதியும் உண்டு. முதலில் அதை முயலுங்கள், காசு செலவில்லை. சிறிய மென்பொருள்களுக்கு அது பலமுறை பலித்திருக்கிறது.

பிரீமியர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய பதிப்பு பழைய திட்டக் கோப்பைப் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஆனால் புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. ஆகையால் கோப்பை முதலில் நகல் எடுத்து, நகலை மட்டும் புதியதில் திறவுங்கள். 2010-இல் வந்த சிஎஸ்5 முதல் பிரீமியரும், 2013-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் எடியஸும் 64 பிட் மென்பொருள்கள். அதற்குப் பிந்தியவற்றில் அமைப்பினால் வரும் தொல்லை குறைவு. அனுமதியும் டிரைவருமே பார்க்கவேண்டியவை.

ஆப்பிள் கணினியில் மொஹாவியோ அதற்கு முந்தியதோ இன்னும் வைத்திருக்கிறவர்கள் மேம்படுத்துமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். சோரன்சன், சினிபேக் போன்ற பழைய முறைகளில் சுருக்கிய வீடியோக்களை அங்கேயே ஐமூவி அல்லது ஃபைனல் கட் மாற்றிக்கொடுக்கும். கேட்டலினாவுக்குப் போன பின்பு அந்த வாய்ப்பு இல்லை. மேம்படுத்து என்று திரையில் வருகிற பொத்தானை அவசரமாய் அழுத்தவேண்டாம். முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள்.

இத்தனையும் எழுதி முடித்த வேளையில் தாராவியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது.

டிஸ்க் சுழன்றிருக்கிறது. 'எனது வீடியோக்கள்' என்ற உறைக்குள் திட்டக் கோப்பு இருந்ததாம்; மூலக் கோப்போ அங்கே இல்லை. அரைநாள் தேடியபின், அவருடைய மகன் கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறான். டிஸ்க்கின் இரண்டாம் பகுதியில், 'புதிய உறை 2' என்று பெயர்கூட மாற்றாத ஓர் உறையில், 11 ஜிபி அளவில் ஒரு ஏ.வி.ஐ. கோப்பு இருந்தது. விஎல்சியில் திறந்தவுடனே பந்தலின் சத்தம் கேட்டிருக்கிறது. முப்பத்தோராவது நிமிடத்தில் அம்மா ஒலிபெருக்கியை வாங்குகிறார்கள். ஏழு நிமிடம் பேசுகிறார்கள். இரைச்சல் தான் நினைத்திருந்த அளவுக்கு இல்லை என்று சகோதரர் எழுதுகிறார். பிவண்டியில் இருக்கும் தங்கைக்கு அன்றிரவே தொலைபேசியில் கேட்கவைத்தாராம்.

மூன்று இடங்களில் நகல் வைத்துவிட்டு, இப்போது ஒன்று கேட்டிருக்கிறார். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நடுவிலே, பின்னாலிருந்து யாரோ ஒருவர் "இலை போட்டாச்சு, வாங்க" என்று உரக்கக் கூப்பிடுகிறார். அம்மா பேச்சை நிறுத்தி, "இதோ முடிச்சிட்டேன்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் நீக்க ஏதாவது மென்பொருள் உண்டா என்பது கேள்வி. உண்டு, ஆனாலும் நீக்கவேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.